மாவு பூசிய சில்வண்டு: ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையில் ஃப்ளவரி பேக்கரை அடையாளம் காண்பது எப்படி

அம்மா ஒரு டிசம்பரில் சிட்னிக்கு வந்து இறங்கிய மறுநாள் காலை, பால்கனிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டு, "பக்கத்து வீட்டில் ஏதாவது விசேஷமா, இந்நேரத்திலேயே கிரைண்டர் ஓடுகிறதே?" என்று கேட்டார். கிரைண்டர் இல்லை, சில்வண்டு என்று சொல்லி நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இங்கே புதிதாக வருகிற பலரும் முதல் கோடையில் இந்தச் சத்தத்தைக் கேட்டுத் திகைத்துப் போகிறார்கள், கொஞ்ச நாளில் பழகிவிட்டால் காதிலேயே விழுவதில்லை. அப்படிப் பழகுவதற்கு முன்னால் ஒரு வாரம் ஒதுக்கிக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே இரைச்சலாகத் தெரிவதில் நாலைந்து இனங்களாவது சேர்ந்து கத்திக்கொண்டிருக்கும். அதில் ஒன்றையாவது பெயர் சொல்லி அடையாளம் காட்டத் தெரிந்துவிட்டால் அப்புறம் கோடை முழுக்க நடக்கிற வழியெல்லாம் கண் மரத்தின் மேலேயே இருக்கும், என் அனுபவம் அது.

அந்த ஒன்றாக நான் சொல்வது ஃப்ளவரி பேக்கர். அறிவியல் பெயர் அலீட்டா கர்விகோஸ்டா. உடம்பு முழுக்க மாவு படிந்த மாதிரி இருப்பதால் ரொட்டிக் கடைக்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள், மாவு மில்காரர் என்ற பொருளில் ஃப்ளவரி மில்லர் என்றும் சொல்வார்கள். 1834-இல் எர்ன்ஸ்ட் ஃபிரெடரிக் ஜெர்மார் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர் இதை முதலில் விவரித்து எழுதினார். ரொம்ப காலம் அப்ரிக்டா என்ற பேரினத்தில்தான் இது இருந்தது, 2003-இல் மாக்ஸ்வெல் மோல்ட்ஸ் அலீட்டா என்ற புதிய பேரினத்தை உருவாக்கி இதை அங்கே மாற்றினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய புத்தகங்களிலும் பழைய படங்களின் கீழும் அப்ரிக்டா கர்விகோஸ்டா என்றே போட்டிருக்கும், அதைப் பார்த்து வேறு பூச்சி என்று குழம்ப வேண்டாம்.

சில்வண்டு என்றதும் நம்மில் பாதிப் பேர் ராத்திரி சமையலறை மூலையில் கத்துகிற சுவர்க்கோழியை நினைத்துக்கொள்கிறோம். அது வேறு, வெட்டுக்கிளியின் சொந்தம், இறகை இறகோடு உரசிச் சத்தம் போடும். இது மரத்தில் உட்கார்ந்து சாறு குடிக்கிற பூச்சி, பெரும்பாலும் பகலில் கத்தும், வயிற்றின் இரண்டு பக்கமும் உள்ள விலா எலும்பு போல வரிவரியான மெல்லிய தகட்டைத் தசையால் படபடவென்று சுண்டிச் சத்தம் எழுப்பும். ஆணின் வயிறு உள்ளே பெரும்பாலும் வெற்றிடம், அதனால்தான் மத்தளம் போல அதிர்கிறது. பெண் கத்தாது. சங்கப் பாட்டில் பாலை நிலத்து ஓமை மரத்தில் ஒடுங்கிக் கத்துகிற சிள்வீடு இந்தக் கூட்டம்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் மரம், அப்புறம்தான் பூச்சி

புதியவர்கள் எல்லாரும் செய்கிற தவறு, சத்தம் வருகிற திசையில் போய் அண்ணாந்து பார்ப்பது. கழுத்து வலிதான் மிச்சம். ஃப்ளவரி பேக்கர் கும்பலாக வருகிற இனம் அல்ல, பெரும்பாலும் தனித்தனியாக, ஒரு மரத்தில் ஒன்று இரண்டு என்றுதான் இருக்கும். அதனால் எந்த மரத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதுதான் பாதி வேலை.

பலவகை மரங்களில் இதைப் பார்க்கலாம் என்றாலும் இதற்கு மிகவும் பிடித்தது மெலலூக்கா, இங்கே பேப்பர்பார்க் என்பார்கள். காகிதப் பட்டை மரம். பேர் அப்படியே பொருந்தும்: பட்டை வெள்ளையும் வெளிர் பழுப்புமாக, பழைய நோட்டுப் புத்தகம் மழையில் நனைந்து காய்ந்தால் தாள்கள் எப்படிப் பிரிந்து நிற்குமோ அப்படி அடுக்கடுக்காக உரிந்து தொங்கும். விரலால் அழுத்தினால் பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே போய்த் திரும்பி வரும். இலையைக் கசக்கி முகர்ந்தால் தைல வாசனை அடிக்கும், யூகலிப்டஸின் குடும்பம்தானே. பூ பாட்டில் பிரஷ் போல, பெரும்பாலும் வெளிர் நிறத்தில் இருக்கும். இந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் இந்தப் பட்டையை உரித்து உணவைச் சுற்றிச் சுடவும், படுக்கையாக விரிக்கவும், குடிசை வேயவும் பயன்படுத்தினார்கள். கையில் ஒரு துண்டு உதிர்ந்த பட்டையை எடுத்துப் பார்த்தால் ஏன் என்று உடனே புரியும்.

அகன்ற இலை கொண்ட வகைதான், மெலலூக்கா குயின்குநெர்வியா, நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து கரையோரத்தில் நீங்கள் அதிகம் பார்க்கப் போவது. கடலுக்குப் பின்னால் மணல் மேடு, மணல் மேட்டுக்குப் பின்னால் தாழ்ந்த சதுப்பு, அந்தச் சதுப்பில் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு இவை நிற்கும். உப்பு கொஞ்சம் கூடுதலான இடத்தில் சவுக்கு இருக்கும், நம் ஊர்க் கடற்கரைச் சவுக்கின் சொந்தக்காரன், இன்னும் உப்பு ஏறினால் அலையாத்தி. மணல் மேடு, காகிதப்பட்டை, சவுக்கு, அலையாத்தி என்று இந்த வரிசை மனதில் ஏறிவிட்டால், எந்தக் கரையோர ஊருக்குப் போனாலும் மரம் எங்கே இருக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

காடு தேடிப் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. இந்த மரத்தைத் தெருவோரத்திலும் பூங்காவிலும் ஏராளமாக நட்டிருக்கிறார்கள். சிட்னியில் சென்டெனியல் பார்க்கில் பேப்பர்பார்க் குரோவ் என்றே ஒரு தோப்பு உண்டு, மரத்தைப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பிரிஸ்பேன்காரர்களுக்கு பூண்டால் சதுப்பு நிலம், அங்கே அலையாத்தியும் சவுக்கும் காகிதப்பட்டையும் ஒன்றையடுத்து ஒன்றாகப் பார்க்கலாம். இன்னும் வடக்கே ஆக்னஸ் வாட்டரில் காகிதப்பட்டைக் காட்டுக்குள் நடைபாதை போட்டிருக்கிறார்கள், மரங்களுக்கு நடுவே கால் நனையாமல் சுற்றி வரலாம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ரொம்ப வசதி.

பூச்சியின் பரவல் இந்தக் கரையை ஒட்டியே நீள்கிறது. வடக்கே குயின்ஸ்லாந்தின் டெயின்ட்ரீ ஆறு, தெற்கே நியூ சவுத் வேல்ஸின் பெண்டலாங், இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் பார்த்தாலே 2,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். மெல்போர்னில் இருந்துகொண்டு தேடினால் கிடைக்காது, பெர்த்திலும் கிடைக்காது. அங்கே இருப்பவர்கள் அந்தந்த ஊர் இனங்களைத் தேடுவதுதான் நல்லது, முறை என்னவோ இதேதான்.

எந்த மாதம், எந்த நேரம்

சிட்னிப் பக்கம் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசிக்குள் இவை மண்ணிலிருந்து வெளியே வரும், பிப்ரவரி வரை தாராளமாகப் பார்க்கலாம், சில ஆண்டுகளில் அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு தென்படும். பள்ளி விடுமுறையும் அதே சமயம்தான் என்பது நமக்கு அதிர்ஷ்டம். வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் சில்வண்டுகள் நன்றாகக் கத்தும், மேகமூட்டமான குளிர்ந்த நாளில் போய் ஏமாந்து வராதீர்கள்.

வலைத்தளங்களில் தேடினால் 17 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வரும் பூச்சி என்று வந்து நிற்கும். அது அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள மாஜிசிகாடா என்ற கூட்டம், 13 ஆண்டு அல்லது 17 ஆண்டுக் கணக்கில் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் எழும். இங்கே உள்ளவற்றுக்கு அந்த மாதிரிக் கணக்கு கிடையாது. இவையும் மண்ணுக்கடியில் வேர்ச்சாறு குடித்தே பல ஆண்டு வாழ்கின்றன, ஆனால் ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். ஓராண்டு நிறைய, அடுத்த ஆண்டு குறைவு என்று ஏற்ற இறக்கம் மட்டும் உண்டு. இந்தக் கோடையில் கிடைக்கவில்லை என்றால் அடுத்த கோடையில் அதே மரத்துக்குப் போங்கள்.

என்ன எடுத்துக்கொண்டு போவது

பெரிதாக ஒன்றும் வேண்டாம். போன், சின்ன டார்ச், ஒரு சின்ன நோட்டு, தண்ணீர், தொப்பி. பைனாகுலர் இருந்தால் நல்லது, கிட்டப் போனால் பறந்துவிடுகிற பூச்சியை எட்டி நின்றே பார்த்துவிடலாம். வலை வேண்டாம். படம் போதும்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்: உண்ணி. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் முழுக்க பேரலிசிஸ் டிக் என்ற உண்ணி இருக்கிறது, நாய்க்கு உயிரே போகும், மனிதருக்கும் கடுமையான ஒவ்வாமை வரலாம், சிலருக்கு அதன் பிறகு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சாப்பிட்டாலே ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. முழுக்கை, முழுக்கால் உடை, பேன்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், பூச்சி விரட்டி தடவுங்கள், வீட்டுக்கு வந்ததும் காது மடலுக்குப் பின்னால், தலைமுடிக்குள், அக்குளில் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் நம் ஊரில் நாய் உண்ணியைப் பிடுங்குகிற மாதிரி நகத்தால் நசுக்கிப் பிடுங்கக் கூடாது, நசுக்கினால் அதன் எச்சில் இன்னும் உள்ளே இறங்கும். உண்ணியை உறைய வைத்துக் கொல்கிற ஸ்ப்ரே மருந்துக் கடையில் கிடைக்கும். எனக்கு ஒருமுறை கழுத்துக்குப் பின்னால் கடித்து மூன்று நாள் வீங்கியிருந்தது, அதிலிருந்து ஸ்ப்ரே இல்லாமல் நான் சதுப்புப் பக்கம் போவதில்லை.

குயின்ஸ்லாந்தின் கிளாட்ஸ்டன் ஊரிலிருந்து வடக்கே, டெயின்ட்ரீ பக்கமெல்லாம் போகிறவர்கள் ஆற்றோரத்திலும் சதுப்பிலும் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் தண்ணீர் ஓரம் போகவே வேண்டாம்.

காது, அப்புறம் பொறுமை

மரத்தடிக்குப் போனதும் முதலில் எதையும் தேடாமல் சும்மா நில்லுங்கள். நீங்கள் நடந்து வருகிற அதிர்விலும் அசைவிலும் கிட்ட இருக்கிற சில்வண்டு கப்பென்று வாயை மூடியிருக்கும். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் மறுபடி தொடங்கும்.

ஃப்ளவரி பேக்கரின் பாட்டு ஒரே இழுப்பில் போகிற இரைச்சல் அல்ல. விட்டு விட்டு வருகிற துண்டுகளும் தொடர்ச்சியான இழுப்பும் கலந்து, பகுதி பகுதியாக அமைந்த சிக்கலான பாட்டு. எழுத்தில் இதைக் கொண்டுவர நான் பலமுறை முயன்றேன், சரியாக வரவில்லை. வீட்டிலேயே இதன் ஒலிப்பதிவை நாலைந்து முறை கேட்டுவிட்டுப் போங்கள், அதுதான் ஒரே வழி. பக்கத்திலேயே கிரீன்குரோசர் என்ற இன்னொரு சில்வண்டுக் கூட்டம் கத்தினால் இதன் குரல் அதில் மூழ்கிவிடும். கிரீன்குரோசரும் டபுள் டிரம்மரும் கிட்ட நின்றால் 120 டெசிபலைத் தாண்டும், உலகிலேயே சத்தமான பூச்சிகளில் சேர்ந்தவை, அவற்றின் கீழே ரொம்ப நேரம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம். அந்தக் கூட்டம் ஓய்கிற இடைவெளிக்குக் காத்திருங்கள்.

சத்தம் எந்த மரத்திலிருந்து என்று தெரிந்த பிறகு, மெல்ல மரத்தைச் சுற்றி வாருங்கள். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் அது அந்தப் பக்கம் நகரும், அணில் செய்வது போல. அதனால் இரண்டு பேராகப் போவது நல்லது, ஒருவர் ஒரு பக்கம் நின்றுகொண்டால் இன்னொருவர் பக்கம் வந்துதான் ஆக வேண்டும். முகத்தில் சொட்டுச் சொட்டாக ஏதாவது தெறித்தால் பயப்படாதீர்கள். பூச்சி குடித்த மரச்சாற்றில் தேவையில்லாத தண்ணீரை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். அது தெறித்தால் நல்ல சகுனம், நேர் மேலே பாருங்கள்.

கண்ணில் பட்டதும் எதைப் பார்க்க வேண்டும்

இதுதான் முக்கியமான இடம். கிடைக்கிற நேரம் அரை நிமிடமாகவும் இருக்கலாம், அதனால் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. உடம்பு நீளம் சுமார் 3 சென்டிமீட்டர், இறகு அதைத் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரிந்து உடம்பை மூடியிருக்கும்.

அடுத்து மாவு. தலை, முதுகு, வயிறு எல்லாவற்றிலும் வெள்ளை படிந்திருக்கும், இடியாப்பத்துக்கு மாவு சலித்த பிறகு முழங்கையில் ஒட்டியிருக்குமே, அந்த அளவுக்குத்தான். உண்மையில் அது மாவும் அல்ல, மெழுகுப் பொடியும் அல்ல, மிக நுண்ணிய வெள்ளை இழைகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெல்வெட் துணியின் நூல் மாதிரித் தெரியும். அடியில் உடம்பு பழுப்பு, கருப்பு, இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். வெள்ளைப் பட்டையின் மேல் இந்த வெள்ளைப் பூச்சி உட்கார்ந்தால் ஒரு அடி தூரத்தில் இருந்தும் தெரியாது. நான் ஒருமுறை உரிந்து நிற்கிற பட்டையின் நுனி என்று நினைத்து விரலை நீட்டினேன், அந்தப் "பட்டை" ஒரு அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்தது.

ஆனால் மாவை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள், இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். அந்த இழைகள் நாளாக நாளாக உதிர்ந்துவிடும். புதிதாக வெளிவந்தது பளிச்சென்று வெள்ளையாக இருக்கும், பல வாரம் கிளைகளில் உரசித் திரிந்தது வெறும் பழுப்புப் பூச்சியாகத் தெரியும். பிப்ரவரியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்கும்.

அப்போது கைகொடுப்பது இறகு. முன்னிறகு கண்ணாடி மாதிரித் தெளிவாக, பழுப்பு நரம்புகளோடு இருக்கும். அந்த நரம்புகள் இறகை ஜன்னல் கண்ணாடி மாதிரிச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்கும். இறகின் நுனி விளிம்பை ஒட்டி வரிசையாக அறைகள் உண்டு, முன்விளிம்புப் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, மூன்றாவது அறைகளின் அடியில், அதாவது உடம்பை நோக்கிய மூலையில், அடர்பழுப்புத் திட்டு ஒவ்வொன்று இருக்கும். பல பூச்சிகளில் இரண்டும் ஒன்று சேர்ந்து வளைந்து நெளிந்து ஒரே கோடாகத் தெரியும், மை பேனாவை உதறும்போது விழுந்த கறை மாதிரி. மாவு உதிர்ந்து போனாலும் இந்தக் கறை போகாது. உடம்பு சுமார் 3 சென்டிமீட்டர், தெளிவான இறகு, அதில் இந்த நெளிகோடு, உட்கார்ந்திருப்பது கிழக்குக் கரையில் ஒரு மரம் என்றால், கிட்டத்தட்ட தைரியமாகப் பேர் எழுதிவிடலாம்.

ஆணா பெண்ணா என்று பார்க்க அடிவயிறு தெரிய வேண்டும். ஆணுக்கு மார்பு முடிந்து வயிறு தொடங்குகிற இடத்தில் இரண்டு மூடிகள் இருக்கும், ஒலிக்கருவியை மறைக்கிற தட்டுகள். பெண்ணின் வயிறு பின்னால் கூர்மையாக முடியும், அங்கேதான் கிளையைக் கீறி முட்டை வைக்கிற ஊசி மடிந்து இருக்கிறது. கத்திக்கொண்டிருந்தால் பார்க்கவே வேண்டாம், ஆண்தான்.

எவற்றோடு குழம்பும்

அதிகம் குழப்புவது பிரவுன் புன்யிப் என்ற சின்னப் பூச்சி, டமாசா டிரிஸ்டிக்மா. அதுவும் பழுப்பு, அதுவும் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொள்ளும், இறகில் புள்ளியும் உண்டு, பிரிஸ்பேன் தோட்டங்களில் சர்வசாதாரணம். ஆனால் உடம்பு சுமார் 2 சென்டிமீட்டர்தான், பக்கத்தில் ஒரு பத்து சென்ட் நாணயத்தை வைத்துப் பார்க்க முடிந்தால் சந்தேகமே வராது, அந்த நாணயத்துக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும்.

மற்றவை எளிது. கிரீன்குரோசர் பெரியது, பச்சை, இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே மூன்று சின்னக் கண்கள் சிவப்புக் கல் பதித்த மாதிரி மின்னும். இதே இனம் மஞ்சளாகவும் வரும், அதற்கு யெல்லோ மண்டே என்று தனிப்பேர், இரண்டும் வேறு வேறு பூச்சி என்று இங்கே பிறந்து வளர்ந்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரெட்ஐ கருப்பு உடம்பும் ரத்தச் சிவப்புக் கண்ணுமாக இருக்கும், வழவழப்பான பட்டை உள்ள யூகலிப்டஸ் மரங்களில் பாருங்கள். பிளாக் பிரின்ஸ் பேருக்கேற்ற கருப்பு, ஆற்றோரச் சவுக்கில் அதிகம். டபுள் டிரம்மர் எல்லாவற்றிலும் பெரியது, ஆணுக்கு வயிற்றின் இரு பக்கமும் பை தொங்குகிற மாதிரி உப்பி இருக்கும்.

மரத்தில் ஒட்டியிருக்கிற வெற்றுச் சட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழந்தைகள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். பாம்பு சட்டை உரிப்பது போலத்தான் இதுவும், முதுகில் கீறலோடு காலெல்லாம் அப்படியே பட்டையைப் பிடித்தபடி காய்ந்து நிற்கும். இந்த மரத்தில் சில்வண்டு உண்டு என்பதற்கு அது உறுதியான சாட்சி. இன்ன இனம் என்பதற்கு சாட்சி அல்ல, சட்டையை மட்டும் வைத்துப் பேர் எழுதிவிடாதீர்கள். சட்டை கிடைத்த மரத்தை நோட்டில் குறித்துக்கொண்டு, மறுபடி அங்கேயே போங்கள்.

பதிவு செய்வது

ஐநேச்சுரலிஸ்ட் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான். அதில் போடுகிற பதிவுகள் ஆஸ்திரேலியாவின் பொது உயிரினத் தரவுத்தளத்துக்கும் போய்ச் சேரும், ஆராய்ச்சி செய்கிறவர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒரு படம் போதாது. பக்கவாட்டில் இறகு தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று, நேர் மேலிருந்து ஒன்று, முடிந்தால் முகம், கடைசியாக இரண்டடி பின்னால் வந்து மரப்பட்டையோடு சேர்த்து ஒன்று. மரத்தின் இலையையும் தனியாகப் படம் எடுத்துவையுங்கள், எந்த மரம் என்பது பிறகு கேள்வியாக வந்தால் பதில் கையில் இருக்கும். பூச்சி கிட்டவே இல்லை, சத்தம் மட்டும்தான் என்றால் ஒலியைப் பதிவு செய்து போடலாம். பதிவு ஓடுகிறபோது பேசாதீர்கள், அரை நிமிடமாவது ஓடட்டும்.

செயலி தானாக ஒரு பேரைச் சொல்லும். அது பெரும்பாலும் சரியாக இருந்தாலும், மாவு உதிர்ந்த பூச்சியைப் பார்த்தால் அதுவும் தடுமாறுகிறது. இறகின் நெளிகோட்டை நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்த பிறகே அதை ஒத்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் வெறும் சில்வண்டுக் குடும்பம் என்று போட்டுவிடலாம், அனுபவம் உள்ளவர் யாராவது வந்து திருத்துவார்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. தேசியப் பூங்காவுக்குள் பூச்சியையோ பட்டையையோ எடுக்கக் கூடாது, அனுமதி இல்லாமல் எடுப்பது சட்டப்படி குற்றம். தெரு மரத்திலும் பட்டையை உரித்து உள்ளே பார்க்காதீர்கள், உங்களைத் தொடர்ந்து வருகிற குழந்தையும் அதையே செய்யும்.

இந்தப் பதிவுகளை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கரையோரத் தாழ்நிலத்துச் சதுப்புக் காடு நியூ சவுத் வேல்ஸில் அழியும் நிலையில் உள்ள சூழல் தொகுதி என்று சட்டப்படியே பட்டியலிடப்பட்டிருக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் சமதளமான நிலம், எல்லாருக்கும் வீடு கட்ட அந்த இடம்தான் வேண்டியிருக்கிறது. முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிப்பார்கள், அப்புறம் மண் கொட்டுவார்கள். மண்ணுக்கடியில் பல ஆண்டாக வேரைப் பிடித்துக்கொண்டிருக்கிற குஞ்சுகள் மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமலே முடிந்துபோகும். ஒரு மரத்தில் ஒன்றிரண்டாக இருக்கிற பூச்சி காணாமல் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள், அது அங்கே இருந்தது என்று முன்பே எழுதி வைத்திருந்தால் ஒழிய.

முடிந்தால் ஒரு ராத்திரி

பகலில் பார்த்துப் பேர் எழுதப் பழகியவர்கள், டிசம்பரில் ஒரு வெதுவெதுப்பான மாலையில், முந்தின நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது, சட்டை கிடைத்த அதே மரத்துக்கு இருட்டுகிற நேரத்தில் போங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் கைக்குட்டையைச் சுற்றி மங்கலாக்கி, மரத்தின் அடியிலிருந்து மேலாகப் பாருங்கள்.

மண் பூசிய ஒரு பழுப்பு உருண்டை, முன்காலில் நண்டுக்கு இருப்பது போல் கொடுக்கு, மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். ஓரிடத்தில் நிற்கும். காலைப் பட்டையில் ஊன்றி ஆட்டிப் பார்க்கும், பிடி சரியில்லை என்றால் இன்னும் நாலு விரல் மேலே போகும். பிறகு வெகு நேரம் ஒன்றுமே நடக்காது, இங்கேதான் நிறையப் பேர் கிளம்பிவிடுகிறார்கள், கிளம்பாதீர்கள். முதுகில் ஒரு கோடு விழும், விரியும், உள்ளேயிருந்து வெளிறிய ஈரமான ஒரு உடம்பு பிதுங்கி, தலைகீழாகப் பின்னால் சாய்ந்து, ஒரு நொடி விழுந்துவிடும் போலத் தொங்கிவிட்டு, எம்பித் தன் சட்டையையே பிடித்துக்கொண்டு வெளியே வரும். அப்போது இறகு கசங்கிய டிஷ்யூ பேப்பர் மாதிரி முதுகில் சுருண்டிருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் நீர் ஏறி விரியும். இந்த நேரத்தில் தொடவே கூடாது, ஒரு விரல் பட்டு இறகு மடங்கிக் காய்ந்துவிட்டால் அது ஒரு நாளும் பறக்காது. குழந்தைகளிடம் இதை வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள்.

இறகு முழுக்க விரிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நிறம் ஏறி இறுக விடியும்வரை ஆகலாம். முழு ராத்திரியும் நிற்க முடியாது என்றால் மரத்தையும் உயரத்தையும் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு, பறவைகள் எழுவதற்குள் வந்துவிடுங்கள். இங்கே மாக்பையும் நாய்சி மைனரும் வெளிச்சம் வந்ததுமே மரம் மரமாகத் தேட ஆரம்பித்துவிடும். சீக்கிரம் போனால் சட்டைக்குப் பக்கத்தில், பட்டையின் மேல், இன்னும் எதிலும் உரசாத, முழு மாவோடு அது உட்கார்ந்திருக்கும். முதலில் இறகைப் படம் எடுங்கள்.